பாஸ்போர்ட் அசல், குதிரை வேறு

ஷார்ஜாவுக்கு வந்து எட்டு வருடம். குளிர்காலம் வந்தால் அரபிக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போய்விடுவேன். பார்த்துப் பார்த்து ஆசை முற்றிவிட்டது. ஒரு பெட்டையை வாங்கி, குட்டி எடுத்து, அதை ஓடவிட வேண்டும். துபாயின் மெய்தான் மைதானத்தில், உலகக் கோப்பைக் குதிரைப் பந்தய இரவில் நடக்கும் கஹைலா கிளாசிக் மாதிரிப் பெரிய பந்தயம் எல்லாம் இல்லை, இங்கேயே ஏதாவது ஒரு சின்னப் பந்தயம் போதும். அந்த ஆசைக்கு 38,000 திர்ஹம் கொடுத்தேன்.

விற்றவர் நம்ம ஊர்க்காரர்தான். வாய்க்கு வாய் ‘அண்ணே’. குதிரை வெண்சாம்பல் நிறம், குழிந்த முகம், தூக்கிய வால். குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டில் மட்டும் செம்பழுப்பு என்றிருந்தது. கேட்டேன். “சாம்பல் குதிரை பிறக்கும்போது கருப்பாவோ செவலையாவோதான் இருக்கும்ணே, போகப்போக வெளுக்கும்” என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், உண்மைதான். அந்தப் பாதி உண்மையில்தான் விழுந்தேன். டாக்டர் போன வாரம் பார்த்துவிட்டார் என்று ஒரு காகிதம் தந்தார், அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மதுரைப் பாண்டியனுக்காவது பரியெல்லாம் நரி என்பது ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டது. எனக்கு மூன்று மாதம் ஆனது.

இனச்சேர்க்கைக்குப் பேசிய பண்ணையில், பணம் கட்டும் முன்பே டாக்டர் வந்து கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குக் கீழே ஸ்கேனரை வைத்தார். அடையாளத்துக்காகக் கழுத்துக்குள் வைத்திருக்கும் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் வந்தது. பாஸ்போர்ட்டில் இருந்தது வேறு எண். அப்புறம் தாய் தகப்பன் விவரத்தைப் பார்த்தார். இரண்டுமே செம்பழுப்பு. பெற்றோரில் ஒன்றாவது வெண்சாம்பலாக இல்லாமல் குட்டிக்கு அந்த நிறம் வராதாம். கடைசியாக நெற்றியைக் காட்டினார். பாஸ்போர்ட் படத்தில் ஒற்றைச் சுழி, என் குதிரைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. ஊரில் என் தாத்தா சுழி பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கமாட்டார். அவர் பார்த்தது ராசிக்கு, இங்கே அடையாளத்துக்கு. நான் இரண்டுக்கும் பார்க்கவில்லை.

இது அரபியாகவே இருக்கலாம். ஆனால் குட்டியின் மரபணு, பதிவேட்டில் உள்ள தாய் தகப்பனோடு ஒத்துப்போனால்தான் தூய அரபி என்று பதிவார்கள். பதிவில்லாத குதிரைக்குத் தூய அரபிகளின் பந்தயத்தில் இடம் கிடையாது. பதினொரு மாதம் சினையைக் காத்து, குட்டியை வளர்த்தபிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பரம்பரை நோய் எதுவும் இல்லை என்று விற்றவர் காட்டிய மரபணுச் சான்றும், பாஸ்போர்ட்டில் உள்ள அந்த இன்னொரு குதிரையுடையதுதான்.

கேட்டதற்கு “சிப் நகர்ந்திருக்கும்ணே, ஸ்கேனர் பழசா இருக்கும்” என்றார். சிப் நகரலாம், சரி. எண்ணுமா மாறும்? அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். குதிரை பாவம், என் மகள் கொடுக்கும் கேரட்டைத் தின்றுகொண்டு லாயத்தில் நிற்கிறது. தீவனத்துக்கும் இடத்துக்கும் மாதாமாதம் பணம் போகிறது.

போன வாரம் அதே ஆள் இன்னொரு வெள்ளைப் பெட்டைக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். ‘அசல் பாஸ்போர்ட் உண்டு’ என்று எழுதியிருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் உங்கள் டாக்டரை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கையில் பணத்தை எடுப்பதற்கு முன்னால் கழுத்தில் ஸ்கேனரை வைக்கச் சொல்லுங்கள்.