வைக்கோல், யூரியா வைக்கோல், அடர்தீவனம்: மாட்டின் முதல் வயிற்றில் எது எப்படி நொதிக்கிறது?

தாவர நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி எதுவும் மாட்டின் உடலில் சுரப்பதில்லை. வைக்கோலைத் தின்று அது பால் கறக்கிறது என்றால், அந்த வித்தை ரூமன் எனப்படும் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுடையது. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும், ஆக்சிஜன் அற்ற, ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அந்த அறையில், ஒரு மில்லிலிட்டர் சாற்றில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்களும், அவற்றோடு புரோட்டோசோவாக்களும் பூஞ்சைகளும் வாழ்கின்றன. இவை தீவனத்தை நொதிக்கச் செய்து வெளிவிடும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் வயிற்றுச் சுவர் வழியாக இரத்தத்தில் கலந்து, மாட்டுக்குத் தேவையான ஆற்றலில் சுமார் 70 விழுக்காட்டைத் தருகின்றன. ஆகவே தீவனங்களை விலையை மட்டும் வைத்து ஒப்பிடாமல், இந்த நுண்ணுயிர்களுக்கு எது என்ன தருகிறது என்பதை வைத்தே ஒப்பிட வேண்டும்.

வெறும் நெல் வைக்கோலில் ஆற்றல் இல்லாமல் இல்லை. அது செரிக்க முடியாத மரப்பொருளான லிக்னினுக்கும் மணல் போன்ற சிலிக்காவுக்கும் பின்னே பூட்டிக் கிடக்கிறது. அதைவிடப் பெரிய குறை புரதம். வைக்கோலின் கச்சாப் புரதம், அதாவது நைட்ரஜனை அளந்து கணக்கிடும் புரத அளவு, 3 முதல் 4 விழுக்காடுதான். ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே போனாலே நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு நைட்ரஜன் போதாது. நொதித்தல் மந்தமாகிறது, தின்ற வைக்கோல் வயிற்றை விட்டு நகர நாளாகிறது, நிறைந்த வயிற்றோடு மாடு மேலும் தின்ன மறுக்கிறது. வயிறு நிறைந்தும் மாடு மெலிவதற்குக் காரணம் இதுவே. ஆனால் வைக்கோலுக்கு ஒரு நற்குணம் உண்டு. அதை நெடுநேரம் அசைபோட வேண்டியிருப்பதால் பைகார்பனேட் கலந்த உமிழ்நீர் நிறையச் சுரந்து, ரூமனின் அமிலத்தன்மை எல்லை மீறாமல் காக்கப்படுகிறது.

தானியம், புண்ணாக்கு போன்றவை சேர்ந்த அடர்தீவனத்தின் கதை நேர் எதிரானது. மக்காச்சோளம், கம்பு போன்ற தானியங்களின் மாவுச்சத்து விரைவாக நொதித்து, புரோப்பியானிக் அமிலத்தின் பங்கைக் கூட்டுகிறது. கல்லீரல் அதைக் குளுக்கோஸாக மாற்றுவதால் பாலின் லாக்டோஸ் உற்பத்திக்குக் கை கொடுக்கிறது. புரோப்பியானிக் அமிலம் உருவாகையில் ஹைட்ரஜன் செலவாகிவிடுவதால், ஏப்பமாக வெளியேறி வீணாகும் மீத்தேனும் குறைகிறது. கறவை கூடிய கலப்பின மாட்டுக்கு இது இல்லாமல் முடியாது.

ஆயினும் அளவு மீறினால் இதே வேகம் ஆபத்தாகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் அளவான பி.எச். 6-க்குக் கீழே இறங்கும்போது நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் தளர்கின்றன, 5.5-க்கும் கீழே போனால் லாக்டிக் அமிலம் சேர்ந்து மாடு படுத்துவிடுகிறது. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் வாளி வாளியாகப் பொங்கல் ஊட்டப்பட்ட மாடுகள் மறுநாள் மருத்துவரிடம் கொண்டுவரப்படுவது இதனால்தான். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், நார்ப் பங்கு குறைந்தால் அசிட்டிக் அமிலமும் குறைந்து பாலின் கொழுப்பு சரியும். கொழுப்பைப் பார்த்து விலை போடும் சங்கத்தில் பால் ஊற்றுகிறவருக்கு இது நேரடி நட்டம்.

இவ்விரண்டுக்கும் இடையில் யூரியா நேர்த்தி செய்த வைக்கோல் நிற்கிறது; உரிய கவனம் இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, மிதித்து அடுக்கி, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால், யூரியாவிலிருந்து பிரியும் அம்மோனியா லிக்னினுக்கும் நாரின் இன்னொரு பகுதியான ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையிலான பிணைப்புகளைத் தளர்த்துகிறது. பாக்டீரியாக்கள் நாருக்குள் நுழைய வழி கிடைக்கிறது. கூடவே நைட்ரஜனும் கிடைக்கிறது. அதைக் கொண்டு அவை தம் உடலின் புரதத்தை ஆக்கிக்கொள்கின்றன. பிறகு அவையே நான்காம் வயிற்றுக்கும் குடலுக்கும் இறங்கி, மாட்டுக்குப் புரத உணவாகின்றன. அசைபோடும் நன்மையும் கெடுவதில்லை.

நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு, கூடுதல் மூட்டை அடர்தீவனம் வாங்குவதைவிட இந்த வைக்கோலுடன் கொஞ்சம் வேலிமசால் என்னும் பயறு வகைப் பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் சேர்ப்பதே மேல் என்பேன். பதினைந்து லிட்டர் கறக்கும் மாட்டை இதை மட்டும் நம்பி வைத்திருக்க முடியாது. அதற்கு அடர்தீவனம் வேண்டும், அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

எதற்கு மாற்றினாலும் இரண்டு மூன்று வாரங்களில் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். புதிய தீவனத்துக்கு ஏற்ற நுண்ணுயிர்கள் பெருக அவ்வளவு காலம் பிடிக்கும். யூரியா வைக்கோலை மூட்டத்திலிருந்து எடுத்ததும் அம்மோனியா நெடி போக ஆறவிட்டே போட வேண்டும். ரூமன் முழுதாக வளராத, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.