கேன்வாஸ் கூடாரம்: மெழுகா, சிலிக்கான் திரவமா?

மழைத்துளி முத்தாக உருண்டு ஓடாமல் துணியில் ஊறினால், தண்ணீரைத் தடுக்கும் பழைய பூச்சு போய்விட்டது. அப்புறம் எதைப் பூசுவது?

செலவு: மெழுகு மலிவு. திரவத்துக்குக் கூடுதல், கேன்வாஸின் பருத்தி அதை நிறையக் குடிக்கும்.

வேலை: மெழுகுக் கட்டியைத் துணியில் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடுகாட்டி உருக்கி இறக்க வேண்டும். ஒரு பக்கச் சுவர் முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். திரவத்துக்குக் கூடாரத்தை நிறுத்திவைத்து பிரஷால் பூசினால் சரி.

காற்றோட்டம்: மெழுகு இழைகளை அடைத்துவிடும், விடிகாலையில் உட்பக்கம் வியர்த்துக் கொட்டும். திரவம் பூசிய துணி மூச்சுவிடும்.

வெயில்: மெழுகு பிசுபிசுத்துத் தூசியை ஒட்டிக்கொள்ளும். தீயும் சட்டென்று பற்றும். உள்ளே அடுப்பு வைப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம். திரவத்தில் பிசுபிசுப்பு இல்லை.

எதுவானாலும் முதலில் வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். துணியில் தங்கிய சோப்பு தண்ணீரை உள்ளே இழுக்கும்.

குடும்பத்தோடு படுக்கும் பெரிய கூடாரத்துக்குத் திரவம்தான் என் தேர்வு. சாமான் மூடும் சின்னத் துணிக்கு மெழுகே போதும். ஒழுகுவது தையலில் மட்டும் என்றால், தேன்மெழுகுக் கட்டியை அந்த ஊசித் துளைகளின் மேல் நாலு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது.