முகநூலா, யூடியூபா, வாட்ஸ்அப்பா? பி.டி. பீரியடுக்குப் பெற்றோரை ஆள் சேர்ப்பது எது

ஜனவரி பிறந்தால் பத்தாம் வகுப்புக்கு விளையாட்டுப் பீரியட் கால அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். "சார், இன்னைக்கு ஒரு நாள் பி.டி. பீரியடை எனக்குக் கொடுங்க, முக்கோணவியல் முடிக்கணும்" என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கணக்குப் பாடம் நடக்காவிட்டால் பெற்றோர் பள்ளிக்கு வந்து கேட்பார்கள். "எம்புள்ளைய ஏன் விளையாட விடல?" என்று கேட்டு யாரும் வந்ததில்லை. அதனால்தான் கடன் கேட்பவர்கள் எப்போதும் எங்கள் பீரியடைத் தேடி வருகிறார்கள்.

கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பெற்றோர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை வரவழைக்க, கைபேசியில் கிடைத்த வழிகள் பலவற்றையும் முயன்று பார்த்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் விழுந்தது என்ற கணக்கை இங்கே ஒதுக்கி வைக்கிறேன். அந்தக் கேள்விக்கு எது கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதுதான் என் அளவுகோல்.

முகநூல் பக்கத்தில்தான் தொடங்கினேன். குறுவட்டப் போட்டியில் கபடி அணி வென்ற படத்தைப் போட்டதும் வாழ்த்துகள் குவிந்தன. எழுதியவர்கள் பெரும்பாலும் முன்னாள் மாணவர்கள்: திருப்பூரில், சிங்கப்பூரில், துபாயில் இருப்பவர்கள். அவர்களில் சிலர் சேர்ந்து ஜெர்சி வாங்கித் தந்தார்கள். நீளம் தாண்டும் குழிக்கு மணல் இறக்கித் தந்தார்கள். பொருளுதவிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் மூலம் முறைப்படி நன்கொடை தரவும் வழி இருக்கிறது; பக்கத்தில் அந்த விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஆனால் இப்போது படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் முகநூலில் இல்லை. இன்னொன்றும் உறுத்தியது. படத்தில் இருந்தவர்கள் 12 பேர். பள்ளியின் மற்ற பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தப் படம் சொன்ன சேதி, "இது உனக்கானது இல்லை" என்பதே.

யூடியூப் சேனலுக்கு உழைப்பு அதிகம், பலன் குறைவு. ஒரு வீடியோவை வெட்டி ஒட்ட இரண்டு இரவு போகும். பார்ப்பவர்கள் அதில் நடித்த பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும்தான். 'குழந்தைகளுக்கானது' என்று குறித்த வீடியோவில் கருத்துப் பகுதியும் மூடப்பட்டிருக்கும் என்பதால் பெற்றோரோடு பேச்சு வளர வாய்ப்பில்லை. விளம்பரம் என்ற எண்ணத்தை விட்டு, பாடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன். வடகிழக்குப் பருவமழையில் கிரவுண்டு சேறாகிக் கிடக்கும் நாட்களில், வகுப்பறையிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளை எடுத்து, வீடியோவின் லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி போட்டு, ஸ்மார்ட் போர்டில் ஓடவிடுகிறேன். மழையைச் சொல்லிப் பீரியடைக் கேட்க முடியாமல் போனது இதனால் கிடைத்த லாபம்.

நடைப்பயிற்சிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்ட் 29 அன்று வந்த ஃபிட் இந்தியா செயலி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நல்லதுதான். பள்ளிக்குள் கைபேசி கொண்டுவரக் கூடாத பிள்ளையின் அடிகளை அது எங்கிருந்து எண்ணும்? தினமும் 10,000 அடி என்ற இலக்கே 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் உழைப்பு. வாரம் இரண்டு பீரியடில் அது எட்டாது. வீடும் சேர்ந்தால்தான் முடியும்.

வீட்டுக்குள் போகும் வழி வாட்ஸ்அப். அதற்குள்ளேயே மூன்று வழிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன.

முதலில் குழு. 1,024 பேர் வரை சேர்க்கலாம். எங்கள் பள்ளி மொத்தமும் அடங்கிவிடும். ஆனால் அம்மாக்களின் எண்கள் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரியும். ஒருவருக்கு வேண்டாத அழைப்புகள் வரத் தொடங்கியதும் குழுவை மூடிவிட்டேன். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வசதியில் பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது. போட்டித் தேதி, புறப்படும் நேரம், கொண்டுவர வேண்டியவை போன்ற அறிவிப்புகளுக்கு அது போதும். எதிர்பாராமல் நன்றாக வேலை செய்தது என் ஸ்டேட்டஸ். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், என் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும், ஆனாலும் ராத்திரி வேலையெல்லாம் முடித்து உட்காரும் அம்மாக்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். யார் பார்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஸ்டேட்டஸில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். உயரம் தாண்டும் மாணவி ஒருத்தியின் படத்தைக் கேட்காமல் போட்டுவிட்டேன். மறுநாள் காலை அவள் அப்பா வந்து நின்றார். கோபப்படவில்லை. "வயசுப்புள்ள சார், எடுத்துருங்க" என்றார். உடனே எடுத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவள் பயிற்சிக்கு வரவில்லை. விளையாட்டுக்கு ஆள் சேர்க்கப் போட்ட படம், இருந்த ஒருத்தியையும் விலக்கி வைத்துவிட்டதே என்ற வேதனை இன்னும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கேட்டிருக்க வேண்டியது என் கடமை. இப்போது ஜூனிலேயே கையெழுத்து வாங்குகிறேன். கையெழுத்து இருந்தாலும் பெரும்பாலும் கால்கள், ரிலே பேட்டன், முதுகில் எண் என்றுதான் எடுக்கிறேன்.

கடைசியாக முயன்றது விளம்பரம் போலவே தோன்றாத ஒன்று. மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் உடல்தகுதி மதிப்பீட்டில் 9 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்வளைதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, புஷ்-அப் ஆகியவை இருக்கின்றன. ஜூலையில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை ஏழாம் வகுப்புக்கு எடுத்தேன். கைபேசியே ஸ்டாப்வாட்ச், பதிவு செய்ய ஒரு எக்செல் தாள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அரை நிமிடக் குரல் பதிவு: "உங்க பொண்ணு ஜூலையில 600 மீட்டரை 3 நிமிஷம் 20 வினாடியில ஓடுனா. இப்ப 2 நிமிஷம் 58 வினாடி." மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடுவதில்லை. எடையை அளந்தாலும் அதைச் சொல்லி அனுப்புவதில்லை. ஒல்லி, குண்டு என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிட்டால் அந்தப் பிள்ளை கிரவுண்டுப் பக்கமே வராது.

இதில் உள்ள சிரமத்தையும் மறைக்க மாட்டேன். 40 பேருக்கு அளவெடுக்க மூன்று பீரியட், பதிவுகளை அனுப்ப நான்கு மாலைகள். எல்லா வகுப்புக்கும் ஓர் ஆளால் முடியாது. எனக்கு முடிந்தது ஒரு வகுப்பு.

பிப்ரவரியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கழிப்பறைத் தண்ணீர், சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு, நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். "ரெண்டு வாரமா ஏழாம் வகுப்புக்கு வெளயாட்டுப் பீரியடே இல்லைன்னு பாப்பா சொல்லுது. நேரத்த இன்னும் கொறைக்கணும்னு வீட்டு வாசல்லயே ஓடிட்டுக் கெடக்கு. ஏன் சார் விடல?" தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், பிறகு கால அட்டவணையைப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை ஏழாம் வகுப்பு கிரவுண்டில் இருந்தது.

எனவே என் தேர்வு இது: பணம் திரட்ட முகநூல், அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல், மழைக்கு யூடியூப், பீரியடைக் காக்கக் குரல் பதிவு. வரும் ஜூனில் எட்டாம் வகுப்பையும் சேர்க்கிறேன். அளவெடுக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையே பழக்கி வருகிறேன். பட்டன் போன் மட்டும் உள்ள ஏழு வீடுகளுக்கு அதே எண்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தனுப்புவேன்; சாயங்காலம் ஒரு போன் பண்ணியும் சொல்வேன்.