பிவிசியா, எச்டிபிஇயா, டிஐயா? ஊராட்சிக் குடிநீருக்கு எந்தக் குழாய்

விறைப்பான பிளாஸ்டிக்கான பிவிசி, வளையும் பாலித்தீன் குழாயான எச்டிபிஇ, இரும்புக் குழாயான டிஐ (டக்டைல் அயர்ன்) என எதை ஊராட்சிக்கு எடுத்தாலும் முதல் கேள்வி மீட்டர் என்ன விலை என்பதுதான். ஒழுகத் தொடங்குவதோ பெரும்பாலும் மூட்டில். எனவே மூட்டிலிருந்தே பார்ப்போம்.

பிவிசி 6 மீட்டர் நீளத்தில் வருகிறது; ஒரு கிலோமீட்டருக்கு 166 மூட்டு. 63 மி.மீ. எச்டிபிஇ 100 மீட்டர் சுருளாகக் கிடைக்கும். அதே தூரத்துக்கு 9 மூட்டு போதும். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசலில் இந்த வித்தியாசமே தீர்ப்பு. கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண், பசை வைத்து ஒட்டிய பிவிசி மூட்டைப் பிடித்து இழுக்கும். அசைய இடமில்லாத மூட்டு கீறல் விடும். கரிசலிலும் பிவிசிதான் என்றாகிவிட்டால், ரப்பர் ரிங் வைத்த குழாய் வாங்குங்கள். அது சற்று நகர்ந்து கொடுக்கும்.

செம்மண் ஊருக்குப் பிவிசியே நல்லது. விலை குறைவு, வேலை தெரிந்த பிளம்பர் உள்ளூரிலேயே இருப்பார். கெடுப்பது அவசரம்தான்: முனையைச் சரிவாகச் சீவாமல், ஈரம் துடைக்காமல் ஒட்டுவது, 24 மணி நேரம் காயும்முன்பே அழுத்தம் ஏற்றுவது. பாறை நிலத்தில் அடியில் 10 செ.மீ. மணல் பரப்பாமல் போட்டால், கல்முனை உறுத்தும் இடத்தில் சில மாதம் கழித்து வெடிக்கும். நெடுநாள் வெயிலில் அடுக்கி வைத்த குழாயும் அப்படித்தான், மண்வெட்டி பட்டாலே உடையும்.

எச்டிபிஇக்கு எதிரி வெப்பம். 20 டிகிரி குறைந்தால் 100 மீட்டர் குழாய் ஓர் அடிக்கு மேல் சுருங்கும். உச்சிவெயிலில் விறைப்பாக இழுத்துப் போட்டு மூடினால், இரவில் இரு முனைகளை இணைக்கும் கப்ளரிலிருந்து முனை உருவிக்கொள்ளும். பள்ளத்தில் சற்று வளைத்து வளைத்துப் போட்டு, காலை வேளையில் மண் தள்ளவேண்டும். முனைகளை உருக்கி ஒட்டுவதற்குச் சுமார் 210 டிகிரி சூட்டுத் தட்டு, ஜெனரேட்டர், பழகிய ஆள் எல்லாம் வேண்டும். தூசி படிந்தாலும் ஆறுமுன் கிளாம்ப்பைக் கழற்றினாலும் அந்த ஒட்டு நிற்காது.

பழுதுபார்க்க எச்டிபிஇயைவிடப் பிவிசிதான் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் ஊறும் பள்ளத்தில் பிவிசி பசையும் பிடிக்காது, எச்டிபிஇயை உருக்கவும் முடியாது. ஆனால் 110 மி.மீ. வரை எச்டிபிஇக்குத் திருகி இறுக்கும் கப்ளர் ஈரத்திலும் உட்காரும். தொட்டி ஆபரேட்டரிடம் ஒவ்வொரு அளவிலும் இரண்டு இருந்தால் அன்றைக்கே தண்ணீர் விடலாம்.

எதை எடுத்தாலும் விட்டம் தவறினால் வீண். 1,800 பேருக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளைக்கு 99,000 லிட்டர். நாள் முழுதும் விட்டால், உச்ச நேரத்துக்கு மூன்று மடங்கு வைத்தாலும் நொடிக்கு 3.4 லிட்டர்தான், 90 மி.மீ. பிவிசியில் கிலோமீட்டருக்கு 5 மீட்டர் அழுத்தம்தான் (தண்ணீர் ஏறும் உயரக் கணக்கில்) குறையும். அதையே இரண்டு மணி நேரத்தில் விட்டால் நொடிக்கு 13.75 லிட்டர், இழப்பு சுமார் 70 மீட்டர். 12 மீட்டர் உயரத் தொட்டியால் இது முடியவே முடியாது, 160 மி.மீ. வேண்டும். அதே வெளிவிட்டத்தில் எச்டிபிஇயின் சுவர் தடிமன் என்பதால் உள்துளை இன்னும் சிறிது. கணக்கை உள்விட்டத்தில் போடுங்கள்.

தெருக்களுக்கு டிஐ வீண்செலவு. கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏறும் பம்பிங் மெயினுக்கும், லாரி ஓடும் சாலைக்கு அடியிலும் அதற்கு ஈடில்லை. இராமநாதபுரம் கடலோரம் போன்ற உப்பு மண்ணில் பாலித்தீன் உறை சுற்றாமல் புதைக்கக் கூடாது. ரப்பர் மூட்டு என்பதால் வளைவுகளில் கான்கிரீட் முட்டு கட்டாயம்: 150 மி.மீ. குழாயில் சதுர செ.மீ.க்கு 6 கிலோ அழுத்தம் இருந்தால், 90 டிகிரி வளைவை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 2 டன். முட்டு இல்லாவிட்டால் முதல் மின்வெட்டில் மோட்டார் நின்று தண்ணீர் திரும்பி மோதும்போதே வளைவு கழன்றுவிடலாம்.

மூன்றில் எதுவானாலும், குழாயின் நடுப்பகுதியில் மட்டும் மண் போட்டு மூட்டுகளைத் திறந்தே வைத்து, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதியுங்கள். அதற்குமுன் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.