வாரம் ஒரு கருப்பொருளா, தினம் ஒன்றா?

நான்கு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லித்தர வேண்டும், இடுப்பில் கைக்குழந்தை வேறு. வாரம் முழுக்க 'தண்ணீர்' என்றே போவதா, இன்று தண்ணீர், நாளை பறவை என்று மாற்றுவதா?

தயாரிப்பு
வாரம்: ஒருமுறை எடுத்துவைத்தால் 5 நாள் ஓடும்.
தினம்: ஒவ்வோர் இரவும் வேலை. ஏற்கெனவே தூக்கம் கெட்ட வீட்டுக்கு இது பாரம்.

தடங்கல்
வாரம்: கைக்குழந்தை அழுது பாடம் பாதியில் நின்றால் நாளை தொடரலாம். எது மிதக்கும், எது மூழ்கும் என்று திங்களன்று பார்த்ததைப் புதனன்று மறுபடி செய்தால், பிள்ளை தானே முன்கூட்டி ஊகித்துச் சொல்லும். எனக்கு இதுதான் பெரிய காரணம்.
தினம்: விட்டது விட்டதுதான்.

ஆர்வம்
தினம்: காலையிலேயே "இன்னைக்கு என்ன?" என்று வரும்.
வாரம்: வியாழனுக்குள் சலிப்புத் தட்டலாம்.

பாதுகாப்பில் இரண்டும் ஒன்றே. மணி, பொத்தான், விதை எல்லாம் கைக்குழந்தை தூங்கும்போது மட்டும், மேசைமேல். டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் பாத்திரத்தை உடனே கவிழ்த்துவிடுங்கள். சில சென்டிமீட்டர் தண்ணீரே தவழும் குழந்தைக்கு ஆபத்து.

கைக்குழந்தைக்கு இன்னும் தூக்க நேரம் பிடிபடவில்லை என்றால் வாரக் கருப்பொருளே சரி. பகல் தூக்கம் ஒழுங்காகி, உதவிக்கு இன்னொரு கையும் இருந்தால், சட்டென்று சலிக்கும் பிள்ளைக்குத் தினம் ஒன்று பொருந்தும்.