ஃபிலிம் கேமராவில் விண்மீன்கள்: எந்த வழியில் தொடங்குவது?

கையில் ஒரு மேனுவல் ஃபிலிம் கேமரா இருக்கிறது, இரவு வானத்தைப் படம் பிடிக்க ஆசையும் இருக்கிறது என்றால் மூன்று வழிகள் உண்டு. கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, சில வினாடிகள் மட்டும் ஷட்டரைத் திறந்து விண்மீன்களைப் புள்ளிகளாகப் பிடிப்பது ஒன்று. அதே ட்ரைபாடில் அரை மணி, ஒரு மணி என்று திறந்தே விட்டு அவற்றைக் கோடுகளாக ஓடவிடுவது இரண்டாவது. பூமி சுழல்வதற்கு ஈடாகக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பது மூன்றாவது. இதைக் கையாலும் செய்யலாம், மோட்டாராலும் செய்யலாம். புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வழியைத்தான் சொல்லித் தருகிறார்கள். டிஜிட்டலுக்கு அது பொருந்தும். ஃபிலிமில் தொடங்குகிறவர் இரண்டாவது வழியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேமராவைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பி' நிலையில், அதாவது பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலையில், பேட்டரி இல்லாமலே ஷட்டர் திறந்து நிற்க வேண்டும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 மூன்றும் அப்படிப்பட்டவை. கேனான் ஏஇ-1 நல்ல கேமராதான், ஆனால் அதன் ஷட்டர் மின்சாரத்தில் இயங்குவது. திறந்து நிற்கும் நேரமெல்லாம் பேட்டரி கரையும். ஓஎம்-1-இல் உள்ளே இருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி உண்டு. அதனால் வானத்தைப் படமெடுப்பவர்களிடம் அதற்குத் தனி மதிப்பு. அந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறந்து, அதிர்வு அடங்கியதும் அட்டையை விலக்கினால் கே1000-இலும் அதே பலன்தான். கேமராவைத் தொடாமல் ஷட்டர் பொத்தானை அழுத்தி, அப்படியே பூட்டி வைக்க லாக் திருகு உள்ள கேபிள் ரிலீஸ் மட்டும் கட்டாயம் வேண்டும். பழைய மேனுவல் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியில் போய் முட்டி நிற்கும். இருட்டில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

சரி, முதல் வழி. வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 50 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 10 வினாடிக்கு மேல் போனால் புள்ளி நீளத் தொடங்கும், 28 மி.மீ. என்றால் 18 வினாடி வரை தாங்கும். ஐஎஸ்ஓ 400 (ஒளிக்கு ஃபிலிமின் வேகம்) ஃபிலிமில் எஃப்/2-இல் (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) 10 வினாடி கொடுத்தால் ஓரியனின் வடிவமும் திருவாதிரையின் சிவப்பும் கார்த்திகைக் கூட்டமும் வரும். பால்வீதி வெறும் மங்கலாகத்தான் தெரியும். டிஜிட்டல்காரர் இதே 10 வினாடியை நூறு முறை எடுத்து, கணினியில் அடுக்கிச் சேர்த்துவிடுவார். 36 படம் கொண்ட ரோலில் அதற்கு வழியில்லை. விண்மீன் கூட்டங்களை அடையாளம் கண்டு பழக இந்த முறை உதவும், அதோடு சரி.

இரண்டாவது வழியில்தான் ஃபிலிமின் பலம் முழுதாக வெளிப்படுகிறது. ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலும் ஃபிலிம் சூடாவதில்லை, மின்சாரமும் செலவாகாது. டிஜிட்டலில் பல படங்களை ஒட்டிச் செய்யும் கோட்டை இங்கே ஒரே படம் இழுத்துவிடுகிறது.

இதில் பலருக்கும் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. நேரத்தைக் கூட்டினால் மங்கலான விண்மீன்கள் கூடுதலாக வந்துவிடாது. விண்மீன் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஃபிலிமின் ஒவ்வொரு புள்ளியிலும் அதன் ஒளி சில வினாடிகள்தான் விழுகிறது. எத்தனை விண்மீன்கள் பதியும் என்பதைப் பெரும்பாலும் லென்ஸின் திறப்பும் ஃபிலிமின் வேகமும் தீர்மானிக்கின்றன. நேரம் தீர்மானிப்பது கோட்டின் நீளத்தையும் வானப் பின்னணியின் வெளிச்சத்தையும்தான். அதனால் இருண்ட மலைப்பகுதியில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் எஃப்/4 வைத்து ஒரு மணி நேரம் விடலாம். ஊர் வெளிச்சம் எட்டும் இடத்தில் எஃப்/5.6-க்கு இறக்கி 10, 15 நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எடுப்பவருக்கு இங்கே ஒரு தனிச் சலுகையும் இருக்கிறது. துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் இருக்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமம்: சென்னையில் 13 டிகிரி, கொடைக்கானலில் 10, கன்னியாகுமரியில் 8. வடக்கே பார்த்து எடுத்தால் சின்ன வட்டங்கள்தான் முழுதாகக் கிடைக்கும், மற்றதெல்லாம் தொடுவானத்தில் வெட்டுப்படும். ஐரோப்பியப் படங்களில் பார்க்கும் பிரமாண்டமான வட்டங்களை இங்கே தேட வேண்டாம். கிழக்கே திரும்புங்கள். 28 மி.மீ. லென்ஸில் நடுவில் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக, நேராக எழும். இடப்பக்கம் இருப்பவை வடக்கு நோக்கியும் வலப்பக்கம் இருப்பவை தெற்கு நோக்கியும் வளையும். இரண்டு அரைக்கோளங்களும் ஒரே படத்தில் விரிகிற காட்சி அது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்திருக்கும் இடத்துக்கும் இதே சிறப்பு உண்டு: வட வானமும் தென் வானமும் அங்கிருந்து ஒருசேரக் கிடைக்கின்றன.

கோடுகள் கைக்கு வந்தபின், மூன்றாவது வழி. மோட்டார் டிராக்கரா, கையால் திருப்பும் பார்ன் டோர் டிராக்கரா? மோட்டார் கருவி துல்லியமானது. 135 மி.மீ. லென்ஸையும் பல நிமிடங்கள் தாங்கும். ஆனால் விலை, சுமை, சார்ஜ் என்று மேனுவல் கேமராவின் எளிமையையே அது பறித்துவிடுகிறது. இன்னொன்று, அதைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேர்படுத்த வேண்டும். நம் ஊரில் அந்த நட்சத்திரம் நீட்டிய கையின் முஷ்டி உயரத்தில்தான் இருக்கிறது; ஒரு மரமோ தொடுவானப் புகைமூட்டமோ போதும், மறைந்துவிடும். சுழலும் அச்சும் கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் இருப்பதால் கேமரா ட்ரைபாட் கால்களில் இடிக்கிற தொல்லையும் உண்டு.

பார்ன் டோர் என்பது கீல் போட்ட இரண்டு பலகைகள். 1975-இல் ஜார்ஜ் ஹெய்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். கீழ்ப்பலகை ட்ரைபாடில், மேல்பலகையில் கேமரா, நடுவே ஒரு போல்ட். போல்டைத் திருகத் திருக மேல்பலகை வானத்தின் வேகத்தில் திறக்கும். கணக்கு எளிது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண எம்6 போல்ட் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். அதைக் கீலின் மையத்திலிருந்து 228.5 மி.மீ. தூரத்தில் பொருத்தினால் நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பது சரியான வேகம். எம்8 போல்ட் என்றால் 1.25 மி.மீ. புரி, தூரம் சுமார் 286 மி.மீ. கைக்கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து 15 வினாடிக்கு ஒரு கால் சுற்று. வடக்கே பார்த்து நிற்கும்போது கீல் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கீலின் அச்சை உங்கள் ஊர் அட்சரேகை அளவுக்கு மட்டும் உயர்த்தி வடக்கே நீட்டுங்கள். ஒரு தச்சரிடம் கொடுத்தால் ஒரு ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவாக இல்லாமல் நேரடியாக நிறப் படமே தரும் ஃபிலிம்) ரோலின் விலைகூட ஆகாது.

துருவ நட்சத்திரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. திசைகாட்டியும் போனில் உள்ள சாய்வுமானியும் போதும். அச்சு 2 டிகிரி விலகியிருந்தாலும், 4 நிமிடப் படத்தில் வரும் பிசகு அதிகபட்சம் நிலையான ட்ரைபாடின் 8 வினாடி நகர்வுக்குச் சமம். 50 மி.மீ. லென்ஸில் கண்ணுக்கு உறுத்தாது. என் ஓட்டு பார்ன் டோருக்குத்தான். பின்னால் மோட்டார் வாங்கினாலும், அச்சு என்றால் என்ன, எதை எதனோடு நேர்படுத்துகிறோம் என்பதைக் கை ஏற்கெனவே கற்றிருக்கும்.

ஃபிலிம் தேர்வு கோடுகளுக்கும் பார்ன் டோருக்கும் ஒன்றல்ல. மங்கலான ஒளியில் நேரம் நீள நீள ஃபிலிம் தன் வேகத்தை இழக்கும். 1890களின் இறுதியில் வியன்னாவில் விண்மீன்களின் பிரகாசத்தைப் புகைப்படத்தால் அளந்தபோது கார்ல் ஷ்வார்ட்ஷில்ட் இதைக் கணக்கிட்டு வைத்தார். கோடுகள் எடுப்பவருக்கு இது நன்மை: ஒவ்வோர் இடத்திலும் சில வினாடிகளே விழும் விண்மீன் ஒளி தப்பிவிடும், நேரம் முழுக்க விழும் வானப் பின்னணி அடங்கிப்போகும். ஆகவே ஐஎஸ்ஓ 100, 200 கலர் நெகட்டிவ் எது கிடைத்தாலும் தொடங்கலாம்.

பார்ன் டோரில் இதுவே பகையாகிறது. இல்ஃபோர்ட் தரும் கணக்குப்படி ஹெச்பி5 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமில், ஒளி அளக்கும் மீட்டர் 60 வினாடி சொன்னால் ஏறக்குறைய 213 வினாடி கொடுக்க வேண்டும். 4 நிமிடப் படத்தில் அந்த ஐஎஸ்ஓ 400 கிட்டத்தட்ட 110 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஃபுஜி புரோவியா 100எஃப் என்ற ஸ்லைடு ஃபிலிம் 128 வினாடி வரை திருத்தமே கேட்காது, அதற்கப்புறமும் இழப்பு குறைவு. அப்படியானால் நான்காவது நிமிடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நிற்கின்றன. புரோவியாவில் நிறமும் நுண்மையான துகளமைப்பும் (கிரெயின்) கூடுதலாகக் கிடைக்கின்றன. ஹைட்ரஜன் நெபுலாக்களின் (விண்வெளி வாயு மேகங்களின்) 656.3 நானோமீட்டர் சிவப்பில் ஹெச்பி5-இன் உணர்திறன் ஏறக்குறைய முடிந்துபோகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெச்பி5-க்கு உள்ள பெரிய சாதகம், வீட்டிலேயே கழுவலாம் என்பது. ஸ்லைடு ஃபிலிமைக் கழுவும் லேப் எல்லா ஊரிலும் இல்லை, கூரியரில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன்.

நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். தினசரி காலண்டரில் அமாவாசையைப் பார்த்து அதை ஒட்டிய இரவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மலையில் பனி இறங்கும்; லென்ஸை அவ்வப்போது டார்ச்சில் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குமுன் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு.

ரோலின் முதல் படத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் எதையாவது எடுங்கள். இரவுப் படங்களில் ஒரு ஃபிரேம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று லேப்காரருக்குத் தெரியாது, விண்மீன்களின் நடுவிலேயே வெட்டிவிடுவார். 'வெட்டாமல் முழுச்சுருளாகத் தாருங்கள்' என்று உறையில் எழுதிக் கொடுங்கள். ஸ்கேன் செய்யும்போது தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் இருட்டைப் பிழை என்று எடுத்துக்கொண்டு வானத்தைச் சாம்பலாக வெளுத்துவிடும்.