அடையாளம் காணக் கொடுத்த பத்துப் பித்தளைத் தட்டுகளில் இரண்டு மாறிவந்தன: கொழும்பில் பழம்பொருள் வைத்திருப்போர் கவனத்துக்கு

கொழும்பில் பழம்பொருட்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை, வீட்டில் பெயர் தெரியாத பழைய சாமான்களை வைத்திருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரையோ அது இருக்கும் தெருவையோ குறிப்பிடவில்லை.

கொட்டாஞ்சேனையில் அம்மம்மா இருந்த வீட்டை ஒழித்தபோது, அலுமாரியின் அடித்தட்டில் சாக்குத்துணியில் சுற்றிய பத்துப் பித்தளைத் தட்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் தட்டின் அளவு, சற்றுக் குழிவானது, அடியில் வட்ட வட்டமாகத் துளைகள். ஒரு தட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில துளைகளே இருந்தன. இன்னொன்றிலோ ஊசி நுழையும் அளவில் நூற்றுக்கணக்காக இருந்தன. மற்றபடி பத்தும் ஒரே அளவு. அடுக்கினால் ஒன்றன்மேல் ஒன்று அசையாமல் உட்கார்ந்தன. இடியப்ப உரல் அச்சு என்றார் ஒருவர், விளக்கின் மூடி என்றார் இன்னொருவர். கனடாவில் இருக்கும் மருமகள் கேட்டதற்காக ஒவ்வொரு தட்டையும் மேலும் கீழுமாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தோம். அந்தப் படங்கள்தான் இப்போது எங்களிடம் உள்ள முக்கியமான சான்று.

கடைக்காரர் தம்மை இத்துறையில் நெடுங்கால அனுபவம் உள்ளவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பொருளை ஒரு வாரம் தம்மிடம் விட்டுச் சென்றால் நிபுணர் ஒருவரிடம் காட்டி, எழுத்தில் சான்றிதழ் தருவதாகவும், அதற்குக் கட்டணம் 7,500 ரூபா என்றும் சொன்னார். பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டும் பெற்றோம். அதில் அவர் எழுதியது ‘பித்தளைத் தட்டு 10’ என்பது மாத்திரமே. திரும்பப் பெறப் போனபோது பத்துத் தட்டுகளும் புதுக் குத்துவிளக்குப்போல மின்னின. சுத்தம் செய்யுமாறு நாங்கள் கேட்கவேயில்லை. அது இலவச சேவை என்றார்.

சான்றிதழில் ‘ஒல்லாந்தர் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் தட்டுகள்’ என்று எழுதி, ஒரு முத்திரையும் குத்தியிருந்தார்கள். ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கொழும்பை 1796இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இலங்கையில் தேயிலை வர்த்தகப் பயிராகப் பயிரிடப்பட்டது 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில். இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடக்கும்போது ஒல்லாந்தரின் தேயிலைத் தொழிற்சாலை எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டபோது அவர் பேச்சை மாற்றி, வெளிநாட்டில் வாங்குவதற்கு ஆள் இருப்பதாகவும், பத்தையும் 25,000 ரூபாவுக்குத் தாமே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். மறுத்துவிட்டு வந்தோம்.

உண்மையை அறிந்தது செட்டியார் தெருவில். அங்கே தலைமுறை தலைமுறையாக நகை, முத்து வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர், தட்டு ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குண்டூசி முனையால் துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஐம்பதில் நிறுத்தி, “பிள்ளை, இது முத்துச் சலிக்கிற தட்டு. மற்றதுகளையும் எடுங்கோ பார்ப்பம்” என்றார்.

மன்னார் வளைகுடாவின் சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புகளில், கிடைத்த முத்துகளைப் பருமன் வாரியாகப் பிரிக்க வணிகர்கள் பயன்படுத்திய சல்லடைத் தொகுதி அது. தட்டுகளின் அளவு மாறாது. துளைகளின் தொகை மட்டும் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று ஏறும். துளைகள் கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறுத்துக்கொண்டே போகும் என்பதால், 20 துளைத் தட்டில் தங்குவது பெருமுத்து. 1000 துளைத் தட்டையும் கடந்து விழுவது தூள். உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி என்று தரம் பிரிப்பதும், மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விலை பேசுவதும் அதற்குப் பின்னர்தான். 1905இல் மிகப் பெரிய சலாபம் ஒன்று நடந்தது. மறு ஆண்டே முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான முத்துப் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அதன் பிறகு அந்தத் தொழிலே நலிந்து போயிற்று. ஒரு தட்டுக்கூடக் குறையாத தொகுதி எவ்வளவு அரியது என்பதை அந்த முதியவர் சொல்லித்தான் அறிந்தோம்.

ஆனால் எங்களுடையது இப்போது முழுத் தொகுதி அல்ல. எட்டுத் தட்டுகள் கணக்குக்குச் சரியாக வந்தன. மீதி இரண்டில் ஒன்றில் 22 துளைகளும் மற்றதில் 28 துளைகளும் இருந்தன. பழைய தட்டுகளின் துளைகள் கையால் இடப்பட்டவை. விளிம்பு தேய்ந்து மழுங்கி, விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும். இந்த இரண்டிலும் துளைகளின் பின்பக்கத்தில் துறப்பணம் விட்டுச் சென்ற பிசிறு விரலைக் கீறுகிறது. தட்டின் உட்புறத்தில் கடைசல் இயந்திரத்தின் மெல்லிய வளையக் கோடுகள் தெரிகின்றன. அடுக்கினால் மற்ற எட்டின்மேல் உட்காராமல் ஆடுகின்றன. மருமகளுக்கு அனுப்பிய படங்களில் எண்ணிப் பார்த்தோம்: அவற்றில் 20 துளைத் தட்டும் 30 துளைத் தட்டும் தெளிவாக இருக்கின்றன. ஆயிரம் துளை போடுவது கடினம், இருபது போடுவது எளிது. அதனாலேயே இந்த இரண்டையும் தேர்ந்திருக்கிறார்கள் என்பது என் முடிவு. துளைகளின் தொகைக்கு ஒரு பொருள் உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பழைய பித்தளை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடைக்குத் திரும்பிச் சென்றபோது கிடைத்த பதில், “பத்து என்று சீட்டில் இருக்கிறது, பத்துத் தந்தோம்” என்பதே. பொலிஸில் முறைப்பாடு செய்துள்ளோம். சான்றிதழுக்கு வாங்கிய கட்டணம் தொடர்பாக நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவித்திருக்கிறோம்.

திருட்டைவிட மெருகேற்றியதுதான் எனக்கு ஆறாத வேதனை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு தட்டின் அடியிலும் கருமை படிந்த கீறல்கள் தமிழ் இலக்கங்களாகத் தெரிந்தன: ௨௰, ௩௰, ௫௰ என்று. எங்கள் பூட்டனோ அவருக்கு முந்தியவரோ தம் கையால் கீறியவை. இயந்திரத் தூரிகை அவற்றில் பெரும்பாலானவற்றைத் தேய்த்து அழித்துவிட்டது. பித்தளையில் காலம் படிய வைத்த கருமையைச் சுரண்டினால் அது மீண்டும் வருவதற்கு இன்னொரு நூற்றாண்டு வேண்டும்; கீறிய எழுத்தோ வரவே வராது. உங்கள் வீட்டுப் பழம்பொருளைப் புளியாலும் தேய்க்காதீர்கள், பிராசோவாலும் தேய்க்காதீர்கள். பிறரைத் தேய்க்கவும் விடாதீர்கள்.

ஒரு பொருளை வாங்க விரும்புகிறவரிடமே அது என்னவென்று கேட்பதில் எப்போதும் ஆபத்து உண்டு. கொழும்பு 7இல் 1877 முதல் இயங்கும் தேசிய நூதனசாலையும் அதன் அருகிலேயே தொல்பொருளியல் திணைக்களமும் இருக்கின்றன. முதலில் படங்களோடு அங்கே போய்க் கேளுங்கள். எங்கேயாவது பொருளை விட்டுவர நேர்ந்தால், ஒவ்வொரு துண்டையும் அளவுகோல் அருகே வைத்துப் படம் எடுத்து, கிராமில் நிறையைக் குறித்து, நெளிவு, கீறல், துளை என்று எல்லாவற்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ‘பித்தளைச் சாமான்’ என்று எழுதும் சீட்டை ஏற்காதீர்கள். கலாசாரப் பொருட்களை வியாபாரம் செய்வதற்கு 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் அனுமதி வேண்டும். வெளிநாட்டில் ஆள் இருப்பதாகச் சொல்பவரிடம் அந்தப் பத்திரத்தைக் காட்டுமாறு கேளுங்கள்.

காணாமல் போன தட்டுகளில் 20 துளைத் தட்டின் விளிம்பில் நகக்கண் அளவு நெளிவு ஒன்று உண்டு. 30 துளைத் தட்டின் நடுத் துளைக்கு அருகே ஈயப் பற்று வைத்து அடைத்த வெடிப்பு இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் அந்தச் சாம்பல் நிறப் புள்ளி மறையாது. தனித்தனியாகவோ, ‘தேயிலைத் தட்டு’ என்ற பெயரிலோ எங்காவது விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டால், வாங்காமல் படம் மட்டும் எடுத்து எனக்குத் தெரியப்படுத்துங்கள்.